இனப் பாகுபாட்டையும் வெறுப்புப் பேச்சையும் சர்வதேசச் சட்டத்தின் முன் கொண்டு போவது: யாழ்ப்பாணத்திலிருந்து படிப்படியாக

இனப் பாகுபாடு, வெறுப்புப் பேச்சு பற்றி முறைப்பாடு எழுத வருபவர்களுடன் யாழ்ப்பாணத்தில் சில வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. ஆட்கள் சொல்வதைக் கேட்டு ஒழுங்குபடுத்தி எழுதிக் கொடுப்பது என் வேலை. வருபவர்கள் பலரின் கையில் ஏற்கெனவே ஒரு கடிதம் இருக்கும். மேலே "ஐக்கிய நாடுகள் சபை, ஜெனீவா" என்று முகவரி. சம்பவம் நடந்து மூன்று நான்கு மாதம் ஆகியிருக்கும். பொலிஸ் முறைப்பாடு இருக்காது, திகதி சரியாக நினைவிருக்காது.

அந்தக் கடிதத்தில் உள்ளது அத்தனையும் உண்மையாகவே இருக்கும். ஆனாலும் அது அப்படியே நகராது. தனிமனித முறைப்பாட்டைப் பார்க்கும் ஐ.நா. குழு முதலில் தேடுவது, சொந்த நாட்டில் நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள் என்பதை. அதனால்தான் இந்த வழிகாட்டி வீட்டு மேசையில் தொடங்கிக் கடைசியில் ஜெனீவாவுக்குப் போகிறது. படிகளின் ஒழுங்கை மாற்ற வேண்டாம்.

சொற்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. இங்கே உயர் நீதிமன்றம் என்றால் கொழும்பிலுள்ள நாட்டின் அதியுயர் நீதிமன்றம். மேல் நீதிமன்றம் அதற்குக் கீழே உள்ளது. தமிழ்நாட்டு இணையப் பக்கங்களில் உயர் நீதிமன்றம் என்பது மாநில நீதிமன்றம். அதைப் படித்துவிட்டு வந்து குழம்புபவர்கள் உண்டு.

தொடங்குமுன் தேவையானவை

ஒரு கொப்பி, ஒரு கோவை, ஒரு நாட்காட்டி. அடையாள அட்டையின் பிரதி. சம்பவம் பதிவான தொலைபேசி. சிங்களம் வாசிக்கத் தெரிந்த, நீங்கள் நம்பக்கூடிய ஒருவர். இந்தக் கடைசித் தேவையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அதன் விலை ஆறாம் படியில் தெரியும்.

1. நடந்ததை அன்றிரவே எழுதுங்கள்

திகதி, நேரம், இடம், யார் இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள். சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். சிங்களத்தில் சொல்லியிருந்தால் கேட்ட ஒலியைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். பொருள் தெரிந்தால் பக்கத்தில் குறியுங்கள். "கேவலமாகப் பேசினார்" என்று எழுதினால், என்ன பேசினார் என்பது இரண்டு கிழமையில் உங்களுக்கே மறந்து போகும். இனம் காட்டிப் பேசினாரா, வெறுமனே திட்டினாரா என்பது அந்த ஒரு வார்த்தையில் தங்கியிருக்கிறது.

எழுதி முடித்ததும் கீழே திகதி போட்டுக் கையெழுத்திடுங்கள். பின்னர் ஏதாவது நினைவு வந்தால் பழையதைத் திருத்த வேண்டாம். புதிய திகதியோடு கீழே சேருங்கள். திருத்தின குறிப்பை எதிர்த்தரப்பு முதலில் பிடிக்கும்.

2. சான்றைக் கலையாமல் எடுத்து வையுங்கள்

பேஸ்புக் பதிவு என்றால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பதிவின் இணைப்பு, எழுதியவரின் பக்கம், திகதி, எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்ற எண், கீழே வந்த பின்னூட்டங்கள் எல்லாம் தெரியும்படி எடுங்கள். முடிந்தால் திரையை மேலிருந்து கீழாக நகர்த்தி வீடியோவாகவும் பதியுங்கள். ஒரு தம்பி கொண்டு வந்த படத்தில் கொடூரமான வசனம் தெளிவாக இருந்தது. பெயரையும் திகதியையும் வெட்டிவிட்டார். "வசனம்தானே அண்ணா முக்கியம்?" என்று கேட்டார். அதற்குள் பதிவு அழிக்கப்பட்டுவிட்டது.

வட்ஸ்அப் குரல் செய்தி என்றால் அது முதலில் வந்த தொலைபேசியை அப்படியே வைத்திருங்கள். இன்னொருவருக்கு அனுப்பினால் அவருடைய தொலைபேசியில் உங்கள் பெயர்தான் தெரியும், மூல ஆளின் பெயர் போய்விடும். தொலைபேசி மாற்றும் யோசனை இருந்தால் தள்ளிப் போடுங்கள்.

அப்புறம், "இதைப் பாருங்கள், எவ்வளவு அநியாயம்" என்று அந்தப் பதிவை நீங்களும் பகிர வேண்டாம். கோபம் நியாயமானதுதான். ஆனால் பரப்பும் கைகளில் உங்கள் கையும் ஒன்றாகிவிடும். பதிலுக்கு அடுத்த இனத்தைத் திட்டி எழுதுவது அதைவிட மோசம். நீங்கள் முறைப்பாடு கொடுக்கும் நாளில் அந்தப் பதில்தான் உங்களுக்கு முன்னே வைக்கப்படும்.

தளத்துக்கு முறையிடுவது சான்று எடுத்த பிறகு. முதலில் முறையிட்டால், பதிவு நீங்கும்போது உங்கள் சான்றும் சேர்ந்து போகும். ஆனாலும் முறையிடத்தான் வேண்டும். 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையின்போது தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்காக பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. இலங்கை மொழிகளில் வந்த முறைப்பாடுகள் நேரத்துக்குக் கவனிக்கப்படாததன் விலை அது.

3. நடந்தது பாகுபாடா என்று பாருங்கள்

எல்லா வகையான இனப் பாகுபாட்டையும் ஒழிக்கும் சர்வதேசச் சமவாயம் 1965இல் நிறைவேறி 1969இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1982இல் இணைந்தது. அதன் முதலாம் உறுப்புரையை மனப்பாடம் செய்தாலும் தகும். இனம், நிறம், வம்சாவளி, தேசிய அல்லது இனத்துவத் தோற்றம் என்பவற்றின் அடிப்படையில் ஒருவரை வேறுபடுத்துவது, ஒதுக்குவது, கட்டுப்படுத்துவது, இன்னொருவருக்கு முன்னுரிமை கொடுப்பது, இவற்றின் நோக்கமோ விளைவோ மனித உரிமைகளைச் சமமாக அனுபவிக்க முடியாமல் செய்வது என்றால் அது இனப் பாகுபாடு.

இதில் "நோக்கமோ விளைவோ" என்ற இரண்டு சொல்லும் முக்கியம். "அந்த உத்தியோகத்தர் நல்லவர், வேணுமென்று செய்யவில்லை" என்று சொல்லி முறைப்பாட்டைக் கைவிட்டவர்களைக் கண்டிருக்கிறேன். விண்ணப்பப் படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்ததால் ஒருவர் உதவித்தொகையை இழந்தார் என்றால், படிவம் அச்சடித்தவரின் மனதில் என்ன இருந்தது என்று தோண்ட வேண்டியதில்லை. விளைவு தெரிகிறது. மொழி என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே மொழியால் வந்த இழப்பு எப்படி ஒரு இனத்தவர் மேல் போய் விழுகிறது என்பதை எழுத்தில் இணைத்துக் காட்ட வேண்டும்.

மதமும் அந்தப் பட்டியலில் இல்லை. இலங்கையில் முஸ்லிம்கள் ஒரு இனக்குழுவாகவும் கருதப்படுவதால் அந்த வழியில் எழுதலாம். வெறும் மத அடிப்படையிலான பிரச்சினை என்றால் பொருத்தமானது மற்றைய ஆவணம்: குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை. 1966இல் நிறைவேறிய இதில் இலங்கை 1980இல் இணைந்தது. இதன் 26ஆம் உறுப்புரை இனம், மொழி, மதம் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே சேர்க்கிறது. மொழிப் பிரச்சினைக்கும் இதுவே வலுவான ஆவணம்.

இனி வம்சாவளி. இந்தச் சொல் சாதியையும் உள்ளடக்கும் என்று சமவாயத்தைக் கண்காணிக்கும் குழு 2002இல், தன் 29ஆவது பொதுப் பரிந்துரையில் தெளிவாக எழுதியது. அதாவது குடாநாட்டில் ஒரு கோயில் வாசலிலோ பொதுக் கிணற்றடியிலோ நாமே நம் ஆட்களைத் தடுத்தால், அதுவும் இந்தச் சமவாயத்துக்குள் வரும். உள்நாட்டில் 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் அதைக் குற்றமாக்குகிறது. சந்தையில் முஸ்லிம் வியாபாரியை விரட்டுவதும், மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பத்தைக் கேலிப் பெயரால் ஒதுக்குவதும் இதே கணக்குத்தான். நமக்கு நடந்தது மட்டுமே பாகுபாடு என்று நினைத்துக்கொண்டு இந்தச் சட்டத்தைத் தூக்கினால் அது கையில் நிற்காது.

4. வெறுப்புப் பேச்சு என்றால் ஆறு கேள்வி கேளுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. மனம் நோகச் செய்த பேச்சு எல்லாம் சட்டம் தடை செய்யும் வெறுப்புப் பேச்சு ஆகாது. உடன்படிக்கையின் 19ஆம் உறுப்புரை கருத்துச் சுதந்திரத்தைக் காக்கிறது. 20ஆம் உறுப்புரையின் இரண்டாம் பந்தி, பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ தூண்டும் வகையில் தேசிய, இன, மத வெறுப்பைப் பரப்புவதைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்கிறது. "தூண்டும் வகையில்" என்பதில்தான் கோடு விழுகிறது.

அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதற்கு ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகத்தின் முயற்சியில் 2012இல் ரபாத் செயற்திட்டம் உருவானது. ஆறு விடயம் பார்க்கச் சொல்கிறது: சூழல், பேசியவர், நோக்கம், உள்ளடக்கமும் வடிவமும், பரவல், தீங்கு நேரும் வாய்ப்பு.

ஒரு எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். ஊர் வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் செய்தி வருகிறது: "அவையின்ர கடையில ஒருத்தரும் சாமான் வாங்காதேங்கோ. சனிக்கிழமை சந்தைக்கு வந்தால் அடிச்சுக் கலைப்பம்." முஸ்லிம் வியாபாரிகளைப் பற்றியது.

சூழல்: இதற்கு முன் கிழமை ஒரு வாய்த்தகராறு நடந்து ஊர் கொதித்துக்கொண்டிருக்கிறது. பேசியவர்: ஊர்ச் சங்கத்தில் பதவியில் இருப்பவர், சொன்னால் இளைஞர்கள் கேட்பார்கள். நோக்கம்: நாளும் இடமும் குறித்துச் சொல்கிறார், வாய் தவறி வந்தது அல்ல. உள்ளடக்கம்: கடையைப் புறக்கணி, வந்தால் அடி என்று நேரடியாகச் செயலுக்கு அழைக்கிறது. பரவல்: 200 பேர் உள்ள குழு, அங்கிருந்து வேறு குழுக்களுக்கும் போயிருக்கிறது. வாய்ப்பு: சனிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. ஆறிலும் இந்தச் செய்தி அகப்படுகிறது. இப்படி ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் முறைப்பாட்டின் முதுகெலும்பு அதுதான்.

இதே ஆறு கேள்வியை "அவையின்ர கடைச் சாமான் தரமில்லை, விலையும் கூட" என்ற பதிவுக்குப் போட்டுப் பாருங்கள். நியாயமற்ற பேச்சாக இருக்கலாம். ஆனால் கோட்டைத் தாண்டவில்லை. அதை மறுத்து எழுதலாம், பொலிஸுக்குப் போக முடியாது.

உள்நாட்டில் இந்த 20ஆம் உறுப்புரையின் வடிவம் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. சனம் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் (அந்த உடன்படிக்கையின் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்) என்று சொல்வது இதைத்தான். பத்து வருடம் வரை கடூழியச் சிறை. பிணையை மேல் நீதிமன்றம் மட்டும், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில்தான் கொடுக்கலாம். இதன் கனத்தை உணர்ந்து பயன்படுத்துங்கள். 2019இல் ஒரு சிறுகதைக்காகச் சிங்கள எழுத்தாளர் ஒருவர் இதே சட்டத்தின் கீழ் நான்கு மாதத்துக்கு மேல் அடைபட்டிருந்தார். அதே வருடம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண், உடையில் இருந்த கப்பல் சுக்கானின் படம் பௌத்தர்களின் தர்மச்சக்கரம் என்று கருதப்பட்டதால் கைதானார். ஆறு கேள்வியைக் கேட்காமல் சட்டத்தைத் தூக்கினால் நடப்பது இது. நாளைக்கு அது நம் பிள்ளைகள் மேலும் வரும்.

5. செய்தவர் யார் என்று தீர்மானியுங்கள்

அரச அலுவலகமா, பொலிஸா, பிரதேச சபையா? அப்படியானால் அது நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயல். உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுவோடு போகலாம். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கிறது.

தனியாளா, தனியார் கடையா? அவர்மேல் அடிப்படை உரிமை மனு நேரடியாகப் போகாது. பாகுபாட்டுக்கென்று முழுமையான தனிச் சட்டம் இங்கே இல்லை. ஆனால் ஒரு வழி இருக்கிறது. குற்றம் நடந்ததென்று பொலிஸில் முறைப்பாடு கொடுத்தும் அவர்கள் அசையவில்லை என்றால், அந்த அசையாமை அரசின் செயல். சட்டத்தின் பாதுகாப்பை உங்களுக்குச் சமமாகக் கொடுக்கவில்லை என்று அரசைக் கேட்கலாம். சர்வதேசச் சட்டமும் இதே நிலையில்தான் நிற்கிறது: தனியாளின் பேச்சுக்கு ஜெனீவாவில் பதில் சொல்ல வேண்டியது அந்த ஆள் அல்ல, அதைத் தடுக்கவோ விசாரிக்கவோ தவறிய அரசு.

6. பொலிஸ் முறைப்பாடு: உங்கள் மொழியில்

தெல்லிப்பளைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மேசையில் இரண்டு பக்க வாக்குமூலத்தின் பிரதியை வைத்தார். முழுக்கச் சிங்களம், அடியில் மட்டும் தமிழில் அவருடைய கையெழுத்து. "தமிழாக்களுக்கு இங்க இடமில்லை என்று சொல்லிப் பிடிச்சுத் தள்ளினவர்" என்று தான் சொன்னதாக அந்த அம்மா சொன்னார். வாசித்துப் பார்த்தால் "வாய்த்தர்க்கம் ஏற்பட்டது" என்று மட்டும் இருந்தது. தமிழ் என்ற சொல்லே அந்த இரண்டு பக்கத்திலும் இல்லை. அவருடைய வழக்கின் உயிர் அந்தச் சொல். விளங்காத தாளில் கையெழுத்துப் போட்டதில் அது போய்விட்டது.

ஆகவே தமிழில் எழுதும்படி கேளுங்கள். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தின்படி வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. தமிழ் எழுதத் தெரிந்தவர் நிலையத்தில் இல்லை என்றால் இரண்டு வழி உண்டு. நீங்களே தமிழில் எழுதிக் கொண்டு போய்க் கொடுத்து, உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் திகதியும் வாங்குவது ஒன்று. சிங்களம் வாசிக்கத் தெரிந்தவரை அழைத்துப் போய், வரிக்கு வரி கேட்ட பிறகு கையெழுத்திடுவது மற்றது. விளங்கவில்லை என்றால் கையெழுத்திட வேண்டாம்.

வெளியே வருமுன் முறைப்பாட்டு இலக்கம், பக்கம், திகதி, எழுதியவரின் பதவி எல்லாவற்றையும் கொப்பியில் குறியுங்கள். பிறகு அதே முறைப்பாட்டைப் பதிவுத் தபாலிலும் ஒரு மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டு ரசீதைக் கோவையில் ஒட்டுங்கள். முறைப்பாடே வரவில்லை என்று பின்னர் யாரும் சொல்ல இடம் இருக்கக் கூடாது.

7. ஒரு மாதக் கணக்கு

இந்தப் பந்தியை மட்டுமாவது நினைவில் வையுங்கள். அடிப்படை உரிமை மனுவைச் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. நாட்காட்டியில் சம்பவ நாளைச் சிவப்பால் வட்டமிட்டு, 30ஆம் நாளையும் வட்டமிடுங்கள்.

ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அது. யாழ்ப்பாணத்தில் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் உண்டு, தமிழிலேயே முறையிடலாம். ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்தது என்பதற்குச் சான்று கேட்டு மனுக்களை உயர் நீதிமன்றம் நிராகரித்திருக்கிறது. ஆணைக்குழுவிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்தையும் அழைப்பையும் திகதியோடு வைத்திருங்கள். முடியுமானால் அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே நீதிமன்றத்துக்கும் போய்விடுவது பாதுகாப்பு.

கொழும்புச் சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்பது நிஜமான தடை. சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாணக் கிளையில் முதல் கிழமையே விசாரியுங்கள். 28ஆம் நாள் போனால் அவர்களாலும் செய்ய அதிகம் இல்லை.

ஆணைக்குழுவின் முடிவு பரிந்துரை மட்டும்தான். அதோடு நின்றுவிட்டு "உள்நாட்டில் எல்லாம் செய்து பார்த்தேன்" என்று ஐ.நா.வுக்கு எழுதினால், நீதிமன்றத்துக்கு ஏன் போகவில்லை என்ற கேள்வி வரும்.

8. தகவல் கேட்டு ஒப்பீட்டைத் திரட்டுங்கள்

பாகுபாட்டை நிறுவ ஒப்பீடு வேண்டும். உங்களுக்கு மறுத்தது போதாது. உங்களைப் போன்ற நிலையில் உள்ள வேறு இனத்தவருக்குக் கொடுத்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். இதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நல்ல கருவி. விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும்.

கேள்வியைச் சிறிதாக, எண்ணால் பதில் வரும்படி எழுதுங்கள். "ஏன் தமிழருக்கு அநீதி செய்கிறீர்கள்?" என்று கேட்டால் ஒரு பதிலும் வராது. "கடந்த வருடம் இந்தத் திட்டத்துக்கு வந்த விண்ணப்பங்கள் எத்தனை, பிரதேச செயலகப் பிரிவு வாரியாக அங்கீகரிக்கப்பட்டவை எத்தனை, படிவம் எந்தெந்த மொழிகளில் வழங்கப்பட்டது?" என்று கேளுங்கள். ஆறாம் ஏழாம் படிகளோடு சேர்த்தே இதைத் தொடங்குங்கள். பதிலுக்குக் காத்திருந்து ஒரு மாதத்தைத் தவறவிட்டவர் உண்டு.

9. ஐ.நா.வில் எந்தக் கதவு

பெயர்களில் குழப்பம் அதிகம். மார்ச் மாதம் செய்தியில் வரும் மனித உரிமைகள் பேரவை 47 அரசுகள் கூடும் இடம். தனி ஒருவரின் வழக்கை அது தீர்ப்பதில்லை. மனித உரிமைகள் குழு வேறு. அது 18 நிபுணர்களைக் கொண்டது, 1966ஆம் ஆண்டு உடன்படிக்கையைக் கண்காணிப்பது. இனப் பாகுபாட்டை ஒழிக்கும் குழு இன்னொன்று. அதிலும் 18 நிபுணர்கள்.

இனப் பாகுபாடு என்றவுடன் எல்லோரும் தட்ட நினைப்பது அந்த மூன்றாவது கதவை. தனிமனித முறைப்பாட்டுக்கு அது நமக்குப் பூட்டியிருக்கிறது. சமவாயத்தின் 14ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு அரசு தனியாகப் பிரகடனம் செய்தால்தான் அதன் ஆட்கள் முறையிடலாம். இலங்கை அதைச் செய்யவில்லை. ஆனால் அந்தக் குழு இலங்கையை மீளாய்வு செய்யும்போது, கடைசியாகப் பார்த்த 2016இல் போல, அமைப்புகள் நிழல் அறிக்கை, அதாவது அரசின் அறிக்கைக்குப் பக்கத்தில் வைக்கும் மாற்று அறிக்கை, கொடுக்கலாம். உங்கள் சம்பவத்தை அந்த அறிக்கையில் ஒரு பந்தியாகச் சேர்க்க உள்ளூர் அமைப்பொன்றிடம் கேளுங்கள்.

திறந்திருப்பது மனித உரிமைகள் குழுவின் கதவு. இலங்கை 1997இல் உடன்படிக்கையின் விருப்புரிமை நெறிமுறையில், அதாவது தனிமனிதர் இந்தக் குழுவுக்கு முறையிட இடம் கொடுக்கும் இணைப்பு ஒப்பந்தத்தில், இணைந்தது. ஆகவே பாகுபாட்டு வழக்கை 26ஆம் உறுப்புரையின் கீழும், வெறுப்புப் பேச்சை 20ஆம் உறுப்புரையின் கீழும் எழுத வேண்டும். 2006இல் நமது உயர் நீதிமன்றம், அந்த இணைவு அரசியலமைப்புக்கு முரணானது, குழுவின் முடிவை இங்கே நடைமுறைப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. அப்படியானால் ஏன் போக வேண்டும் என்று கேட்பீர்கள். சர்வதேச அளவில் இலங்கையின் கடப்பாடு இன்றும் நிற்கிறது, அரசு நெறிமுறையிலிருந்து விலகவில்லை. குழுவின் முடிவு எழுத்தில் நிலைத்திருக்கும். அடுத்த மீளாய்வுகளில் அரசிடம் அது கேட்கப்படும். இதற்கு மேல் எதிர்பார்ப்பை வளர்த்து யாரையும் அனுப்புவது சரியில்லை என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்.

20ஆம் உறுப்புரையை நம்பி எழுதுபவர்கள் 2016இல் நெதர்லாந்து தொடர்பாக வந்த ஒரு முடிவைத் தெரிந்திருக்க வேண்டும். கேர்ட் வில்டர்ஸ் என்ற அரசியல்வாதியின் முஸ்லிம் எதிர்ப்புப் பேச்சுகளுக்கு எதிராக மூன்று பேர் முறையிட்டார்கள். அந்த உறுப்புரையைத் தனிமனிதர் எழுப்பலாம் என்று குழு ஏற்றது. ஆனால் மீறல் இல்லை என்றது. நெதர்லாந்தில் சட்டம் இருந்தது, அவர்மேல் வழக்குப் போட்டார்கள். விடுதலையானது வேறு விடயம். நமக்கு இதில் உள்ள பாடம்: பேச்சு எவ்வளவு மோசமானது என்பதை விவரிப்பதைவிட, அரசு விசாரிக்கவே இல்லை என்பதை ஆவணத்தால் காட்டுவதில் அதிகம் மினக்கெடுங்கள். ஆறாம் படியின் இலக்கமும் ரசீதும் இங்கேதான் உதவும்.

இன்னொரு கதவு ஐ.நா. மனித உரிமைகள் பேரவை நியமிக்கும் சுயாதீன நிபுணர்களான விசேட அறிக்கையாளர்கள். இனவாதம் பற்றி ஒருவர், சிறுபான்மையினர் விவகாரம் பற்றி ஒருவர் இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுத உள்நாட்டு வழிகளை முடித்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கிழமை ஒரு கூட்டம் வந்து அடிக்கும் என்ற பயம் இருந்தால் முதலில் இங்கே எழுதுங்கள். அவர்கள் அரசுக்குக் கடிதம் அனுப்புவார்கள். 60 நாளின் பின் அது பொதுவில் வெளியாகும். பாதிக்கப்பட்டவரின் பெயரைச் சேர்ப்பதா என்று அனுப்புமுன் அவரிடமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பெயர் வெளியே போன பிறகு திரும்ப எடுக்க முடியாது.

10. மனித உரிமைகள் குழுவுக்கு எழுதும் ஒழுங்கு

ஆங்கிலத்தில் எழுதுங்கள். கட்டணம் இல்லை, சட்டத்தரணி கட்டாயம் இல்லை. பெயரில்லாத முறைப்பாட்டை ஏற்கமாட்டார்கள். ஆனால் முடிவை வெளியிடும்போது பெயரை மறைக்கும்படி கேட்கலாம். வேறொருவருக்காக எழுதினால் அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் வேண்டும்.

முதலில் யார், எந்த அரசுக்கு எதிராக என்று இரண்டு வரி. அடுத்து சம்பவம், திகதி ஒழுங்கில், ஒவ்வொரு பந்திக்கும் எண் போட்டு. மூன்றாவது, உள்நாட்டில் எடுத்த ஒவ்வொரு நடவடிக்கையும் அதன் திகதி, இலக்கம், முடிவோடு. இந்த மூன்றாம் பகுதிதான் குழு முதலில் திருப்பிப் பார்க்கும் பக்கம், இதற்கு அதிக நேரம் செலவிடுங்கள். அதன் பிறகு எந்த உறுப்புரை, ஏன் மீறப்பட்டது, நீங்கள் கேட்கும் பரிகாரம் என்ன. தமிழ், சிங்கள ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு இணையுங்கள்.

"நீதிமன்றத்தில் நியாயம் கிடைக்காது என்று எங்களுக்குத் தெரியும், அதனால் போகவில்லை" என்ற வசனத்தை எழுத வேண்டாம். அந்த நம்பிக்கையீனம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் வெறும் சந்தேகம் போதாது என்பது குழுவின் நிலையான கருத்து. வழக்கு நியாயமற்ற அளவு இழுபட்டது என்றால் எத்தனை தவணை, எந்தெந்தத் திகதி என்று பட்டியலாகக் காட்டுங்கள். அதை ஏற்பார்கள்.

உள்நாட்டு வழி முடிந்து ஐந்து வருடத்துக்குப் பிறகு எழுதினால், தக்க காரணம் இல்லாவிட்டால் முறையைத் துஷ்பிரயோகம் செய்ததாகக் கருதலாம். அதே விடயம் வேறொரு சர்வதேச விசாரணை முறையின் முன் இருந்தாலும் எடுக்கமாட்டார்கள். விசேட அறிக்கையாளருக்கு எழுதியது இதற்குத் தடையாகாது.

11. அனுப்பிய பின்

பதிவான முறைப்பாடு அரசுக்குப் போகும். பதில் சொல்ல ஆறு மாதம். அந்தப் பதில் உங்களிடம் வரும், நீங்கள் கருத்துச் சொல்லலாம். முடிவுக்குச் சில வருடங்கள் ஆகும். மீறல் என்று முடிவானால், எடுத்த நடவடிக்கையை 180 நாளுக்குள் அறிவிக்கும்படி அரசிடம் கேட்பார்கள்.

இடையில் முகவரியோ மின்னஞ்சலோ மாறினால் அன்றே எழுதி அறிவியுங்கள். மிரட்டல் வந்தால் அதற்கும் முதலாம் படிபோலவே திகதியிட்ட குறிப்பு எழுதி, பொலிஸ் முறைப்பாடு கொடுத்து, குழுவுக்கும் தெரிவியுங்கள். கோவையின் ஒரு முழுப் பிரதி உங்கள் வீட்டில் இருக்கட்டும். இன்னொன்றை வேறு ஊரில் உள்ள, நீங்கள் நம்பும் ஒருவரிடம் கொடுத்து, எங்கே வைத்திருக்கிறார் என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.